ஆறாம் குழி

டிரசர் முருகேசு எண்ணாமல் விட்ட பொருள் கிடையாது. மாத்திரையை எண்ணுவார், தையலை எண்ணுவார், ஆஸ்பத்திரிப் படிகளைத் தினமும் எண்ணிக்கொண்டே ஏறுவார். அவை ஒருநாளும் கூடவோ குறையவோ இல்லை. மலாயாவில் சுவா என்ற ஊரிலிருந்து ஏழு மைல் உள்ளே தள்ளியிருந்த புக்கிட் கெலாடி ரப்பர் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் காயத்துக்குக் கட்டுப் போட்டவர். டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் முருகேசுதான் டாக்டர்.

தோட்டத்தை ஒட்டி வெள்ளைக்காரத் துரைமார் கிளப்பும், ஒன்பது குழி வைத்த ஒரு கோல்ஃப் மைதானமும் இருந்தன. இரண்டு முறை சுற்றி வந்தால் பதினெட்டுக் குழி. யாருக்காவது பந்து பட்டால் பார்ப்பதற்காக முருகேசு மருந்துப் பெட்டியோடு கூடவே நடப்பார். யாருக்கும் பந்து படவில்லை. சும்மா நடந்து நடந்து அவருக்கு ஆட்டம் பிடித்துப்போயிற்று. துரைமார் கழித்துப்போட்ட ஐந்து மட்டைகளை எடுத்துவந்து, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பதினைந்து வருஷம் அடித்துப் பழகினார்.

கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு காட்டுக்குள் போனார்கள், அவசரகாலம் வந்தது. துரைமாரில் சிலர் கப்பலேறினார்கள், ஒருவர் சுடப்பட்டார், கிளப் காலியாயிற்று. ஐம்பத்திரண்டில், வேறு வழியில்லாமல், ஆசியச் சிப்பந்திகளும் சேரலாம் என்றார்கள். முருகேசு அன்றைக்கே சேர்ந்தார். அடுத்த வாரமே பெரிய துரை கிரெய்க்கைத் தோற்கடித்தார்.

"நன்றாகத்தான் ஆடுகிறாய்" என்றார் கிரெய்க் துரை இங்கிலீஷில். "ஆனால் உனக்கு ஹேண்டிகேப் இல்லையே. சட்டப்படி நீ ஆடவே இல்லை."

அந்தச் சொல் முருகேசுவைச் சுட்டது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

ஒரு சுற்றை எழுபத்திரண்டு அடியில் முடிக்க வேண்டும் என்பது அந்த ஆட்டத்தின் கணக்கு. அதற்கு மேல் ஒருவர் சராசரியாக எத்தனை அடி அடிக்கிறாரோ, அதுதான் அவருடைய ஹேண்டிகேப். எண் குறையக் குறைய ஆள் கெட்டிக்காரர். கிளப் பலகையில் கிரெய்க் துரைக்குப் பதினாலு என்று எழுதியிருந்தது. முருகேசு எண்ணிப் பார்த்த வகையில் துரையுடையது இருபத்தாறு. அவரை யாரும் கேட்கவில்லை.

சிரம்பான் நகரில் வருஷாவருஷம் அமெச்சூர் கோல்ஃப் போட்டி நடக்கும். ஹேண்டிகேப் பதினெட்டும் அதற்குக் கீழும் உள்ளவர்களைத்தான் சேர்ப்பார்கள். முருகேசு எழுதிக் கேட்டார். மூன்று சுற்று ஆடி, கூட வரும் உறுப்பினர் கையெழுத்திட்ட மூன்று அட்டைகளை அனுப்பும்படி பதில் வந்தது. ஆனால் ஆறாம் குழி, அவசரகாலத்தில் தோட்டத்தைச் சுற்றிப் போட்ட முள்கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், காட்டு ஓரத்தில் கிடந்தது. அங்கே யாரும் போவதில்லை. போனதாக வைத்துக்கொண்டு அஞ்சு என்று போட்டுக்கொள்வது கிளப் வழக்கம். அடிக்காத அடியைச் சிரம்பானில் ஏற்க மாட்டார்களாம். இதில் முருகேசுவுக்கும் சிரம்பானுக்கும் ஒரே அபிப்பிராயம்.

அடுத்த சித்திரையில் அவருக்கு ஓய்வு. பிறகு யாழ்ப்பாணம். அங்கே அவருடைய காணியில் பனையும் கல்லும்தான் உண்டு. போட்டியில் ஒருதரம் தன் பெயரைக் கூப்பிட, எழுந்துபோய்ப் பந்தை வைக்க வேண்டும் என்று அவர் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. இந்த வருஷம் விட்டால் இல்லை.

"காட்டுக்காரன் சுட்டுப்போட்டா என்னப்பா செய்யிறது?" என்றாள் மனைவி சிவபாக்கியம்.

"சுட்டா அந்தச் சுத்து கணக்கில சேராது" என்றார் முருகேசு.

வேலி தாண்டப் போலீஸ் அனுமதி வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'கோல்ஃப்' என்று எழுதிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அதை இரண்டு முறை படித்துவிட்டு முத்திரை குத்தினார். துப்பாக்கியோடு மாயாண்டி என்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிளையும் இன்னும் மூவரையும் அனுப்பிவைத்தார். அட்டை எழுதக் கிரெய்க் துரை வந்தார். ஆறாம் குழியில் மட்டும் துரை மிக வேகமாக ஆடுவார்.

முதல் அட்டை தொண்ணூற்றொன்று. இரண்டாவது தொண்ணூறு. மூன்றாவது எண்பத்தொன்பதில் முடிந்தால் சராசரி தொண்ணூறு, ஹேண்டிகேப் சரியாகப் பதினெட்டு. திங்கட்கிழமை விண்ணப்பம் முடிகிறது. சனிக்கிழமை பிற்பகல், மூன்றாவது அட்டையின் இரண்டாவது சுற்றில், ஆறாம் குழிக்கு வந்து நின்றபோது அறுபத்தொன்பது அடி ஆகியிருந்தது. இதில் ஓர் ஆறு, மீதி மூன்று குழிக்குப் பதினாலு. கூட்டினால் எண்பத்தொன்பது.

முதல் அடி நேராகப் போயிற்று. இரண்டாவது லாலாங் புல்லுக்குள் போய் விழுந்தது.

"ஐயா, நானும் வந்து தேடட்டுங்களா?" என்றான் மாயாண்டி.

"வேண்டாம், நான் பாக்கிறன்."

புல்லை விலக்கினார். பந்து ஈர மண்ணுக்குள் அமுங்கிக் கிடந்தது. யாரோ மிதித்திருந்தார்கள். பந்து விழுந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. குதிகால் பட்ட இடத்தில் பந்து, அதற்கு முன்னால் பாதம், அதற்கு முன்னால் நாலே நாலு விரல்.

முருகேசுவுக்கு அந்தக் காலைத் தெரியும். ஐந்தாவது விரலை மூன்று வருஷத்துக்கு முன் வெட்டி எடுத்தவரே அவர்தான். பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் செல்லம்மா. புருஷன் இல்லை, தொழிலாளர் லயத்தில் நாலு பிள்ளை, பங்கீட்டு அரிசி வாரம் முடியுமுன்பே தீர்ந்துவிடும். பக்கத்தில் அப்போதுதான் நட்ட மரவள்ளிக் குச்சிகள் நாலைந்து நின்றன. வேலிக்கு வெளியே கிழங்கு போட்டால் காட்டுக்காரர்களுக்குச் சோறு போட்டதாகத்தான் எழுதுவார்கள். விசாரணைகூட இல்லாமல் உள்ளே வைப்பார்கள்.

வேற்றாள் மிதித்த பந்தை எடுத்து வெளியே வைத்து ஆடலாம், தண்டனை அடி கிடையாது. விதிப்புத்தகத்தில் அந்தப் பக்கம் அவருக்கு மனப்பாடம். ஆனால் அட்டை எழுதுபவரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்ட வேண்டும்.

அவர் கூப்பிடவில்லை. மட்டையை ஓங்கிப் பந்துக்குப் பின்னால் மண்ணில் போட்டார். குதிகால் அழிந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்று, என்று எண்ணினார். அடுத்ததில் பாதம் போயிற்று. நாலு. விரல்களுக்கு இரண்டு அடி தேவைப்பட்டது. இன்னும் ஒன்று, மிச்சத்துக்கு. எட்டாவதில் பந்து வெளியே வந்தது. ஒன்பதில் குழியைச் சுற்றிய பச்சைக்குப் போய், பதினொன்றில் குழியில் விழுந்தது.

பரீட்சை எழுதித் தமிழில் தேறிய கிரெய்க் துரை, மனம் இளகினால் தமிழில் பேசுவார்.

"என்ன டிரசர், கிழங்கு போடுறது?"

முருகேசுவுக்கு உயிர் போய் வந்தது. "இல்லை சார். பந்து ஆழத்தில்."

துரை பென்சிலை எடுத்தார். அவருக்கும் கணக்குத் தெரியும். "ஆறு போடுறேன். ஒருத்தனும் பாக்கல."

ஆறு. அந்த ஒரு சொல்லில் சிரம்பான் இருந்தது. 'சரி சார்' என்று சொல்ல முருகேசு வாய்கூடத் திறந்தார். ஆனால் அன்றைக்கு அவர் ஏற்கெனவே ஒன்றை மறைத்திருந்தார். ஒரே நாளில் இரண்டாவதையும் மறைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"பதினொன்று சார்."

துரை அவரை மேலும் கீழும் பார்த்தார். பைத்தியத்தோடு காட்டோரம் நிற்பது நல்லதல்ல என்று தோன்றியிருக்க வேண்டும். பதினொன்று என்று எழுதிவிட்டு வேகமாக நடந்தார். மீதி மூன்று குழியையும் முருகேசு போட்ட கணக்குப்படியே பதினாலில் முடித்தார். தொண்ணூற்று நாலு.

பத்து நாளில் சிரம்பானிலிருந்து முத்திரையோடு தாள் வந்தது. ஹேண்டிகேப் இருபது. இந்த வருஷப் போட்டிக்குத் தகுதியில்லை. அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காமல் கொஞ்சம் அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து மருந்துச் சன்னலைத் திறந்தார்.

அன்று வரிசையில் செல்லம்மாவும் நின்றாள். கெண்டைக்காலில் நீளமாக ஒரு கீறல், ஆறாமல் சீழ் வைத்திருந்தது. முள்கம்பிக் கீறல். முருகேசு கழுவினார், மருந்து போட்டார். தலை நிமிராமல் சொன்னார்:

"வேலிக்கு அங்கால இனிக் கால் வைக்காதை, பிள்ளை. உன்ர கால் தடம் எல்லாருக்கும் தெரியும்."

செல்லம்மா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவர் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"பாத்துட்டீங்களா ஐயா?" என்றாள் மெல்ல.

"இப்ப அங்கை ஒண்டும் இல்லை. நான் அழிச்சுப்போட்டன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து, ஒன்று சொன்னாள்.

"ஒங்களுக்கு கவர்மெண்டு காயிதம் வந்துச்சாமே ஐயா. பெரிய தொரைக்கே பதினாலுதானாம், ஒங்களுக்கு இருவதாமே! லயம் பூரா இதே பேச்சுதான்லா."

முருகேசு கட்டின் முடிச்சை இறுக்கினார். இருபத்திரண்டு வருஷத்தில் யார் கணக்கைத் தப்பாகச் சொன்னாலும் அவர் திருத்தாமல் விட்டதில்லை.

"ஓம் பிள்ளை," என்றார். "இருபது."