ராயபுரத்துக் குடிலுக்குப் போன மீனவ ஜோடி

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், காலை ஆறு மணிக்குத் திண்டிவனத்தில் ரயில் ஏறினேன். தாம்பரத்தில் இறங்கி, பத்து ரூபாய் டிக்கெட்டில் மின்சார ரயில் பிடித்துக் கடற்கரை நிலையம் வந்தேன். மடியில் அட்டைப்பெட்டி. அதில் நான் துணியில் தைத்த பொம்மைகள். பஞ்சாபி ஜோடி, ராஜஸ்தான் ஜோடி, எங்கள் பக்கத்து மாப்பிள்ளை பெண், கடைசியாக ஒரு மீனவ ஜோடி.

கொலுவுக்குத் தைத்துப் பழகின கை. இந்தத் தடவை குடிலுக்கு. என் மகள் செல்வி ராயபுரத்தில் மீன் தொழில் செய்கிற ஒரு வேதக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். குழந்தை ஏசுவைப் பார்க்க எல்லா ஊர் ஜனமும் வருகிற மாதிரி குடில் வைக்கப்போவதாக அவள் மாமியார் பிலோமினாள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாராம். "இந்த வீட்ல எனக்குன்னு பெருமையாச் சொல்லிக்க உன் கைவேலைதாம்மா இருக்கு" என்று செல்வி போனில் சொன்னாள்.

ஆட்டோக்காரர் நூற்றிருபது ரூபாய் கேட்டார். எனக்குப் பேரம் பேச வாய் வராது.

"பொட்டில இன்னா கீது ஆயா?"

"பொம்மைப்பா."

"அல்லாரும் இங்கேர்ந்து மீன் வாங்கினு போவாங்க. நீ பொம்ம எத்துகினு வர்றியா."

துறைமுகத்துக் கண்டெய்னர் லாரிகள் மறித்ததில் வண்டி நின்றது. சாலையோரம் பெண்கள் மீன் விற்றார்கள். பூப்போட்ட நைட்டி, தோளில் துண்டு. ஒருத்தி போனில் யாரையோ அதட்டிக்கொண்டே மீன் நறுக்கினாள். பெட்டி மூடியை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். என் பொம்மை அப்படி இல்லை. சினிமாவில் பார்த்ததை வைத்து முழங்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டின சேலை, வெற்றிலை வாய். ஆண் பொம்மைக்கு வெறும் கோவணம்.

பிலோமினாள் நைட்டியும் தோளில் துண்டுமாக வாசலுக்கே வந்து, "வாம்மா சம்மந்தி" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். பஞ்சாபி ஜோடியைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். செல்வியின் முகம் மலர்ந்திருந்தது. கடைசி ஜோடி வெளியே வந்தது.

"இன்னா பிலோமி, உன் வூட்டுக்காரு கோவணத்தோட பூசைக்கு வந்துகிறாரு" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். பிலோமினாளும் சிரித்தார். பிறகு பெண் பொம்மையை எடுத்து அதன் தோளைத் தடவினார்.

"ஏன் சம்மந்தி, அவங்களுக்கெல்லாம் ஜரிகை. எங்களுக்கு மட்டும் கிழிசலா? இது இன்னா கறை?"

"டீத்தண்ணி. பழசாத் தெரியணும்னு ஊறப்போட்டேன்."

"புதுத்துணிய எடுத்து, ஒக்காந்து அழுக்காக்குனியா?"

செல்வி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"மீன் விக்கத்தான் இந்த நைட்டி" என்றார் பிலோமினாள், மெதுவாக. "ராப்பூசைக்குப் பட்டுப்பொடவ கட்டி, தலை நெறையப் பூ வெச்சினு போவோம்."

ஊசியும் துணியும் கொடுங்கள், இப்போதே மாற்றிவிடுகிறேன் என்றேன். "மொதல்ல சாப்புடு" என்று வஞ்சிரக் குழம்பு போட்டார். நல்ல குழம்பு. எனக்குத்தான் இறங்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் குடிலில் பஞ்சாபியும் ராஜஸ்தானியும் எங்கள் ஊர் ஜோடியும் வரிசையாக நின்றார்கள். மீனவ ஜோடியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டிருந்தார். ராயபுரத்துக் குடிலில் ராயபுரத்துக்காரர்களைத்தான் காணோம்.

மூன்று மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். "மனசுல வெச்சுக்காத சம்மந்தி" என்று சொல்லி ஒரு பை நெத்திலிக் கருவாடு கொடுத்தார். செல்வி தெருமுனை வரை வந்தாள். "பாத்துப் போம்மா" என்றாள். ஆட்டோ வருவதற்குள் திரும்பி நடந்துவிட்டாள்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. எங்கள் வீட்டுக் கொலுவில், கீழ்ப்படியில், இதே மாதிரி கிழிசல் கட்டின பொம்மைகள் எத்தனையோ வருஷமாக நிற்கின்றன. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் தத்ரூபம் என்றார்கள். ஏன் எங்களுக்கு மட்டும் கிழிசல் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அப்படிக் கேட்கக்கூடியவர்களை நான் கொலுவுக்கு அழைத்ததே இல்லை.