துப்பாக்கிக்குப் புளி போட்ட கதை

என் தங்கை தமயந்தியின் கடை அரக்கோணம் சாலையில், பஞ்சர் ஒட்டும் கடைக்கும் மாலை கட்டும் கடைக்கும் நடுவில் இருக்கிறது. பலகையில் 'பழம்பொருள் சீரமைப்பு' என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு உடைந்த மிக்சியோடு வருகிறவர்கள் உண்டு. அவள் சிரிக்கமாட்டாள். மிக்சி யார் பார்ப்பார்கள், எந்தத் தெரு என்று சொல்லி அனுப்புவாள்.

பத்தாவது முடித்தவுடன் சென்னையில் பரந்தாமன் என்பவரின் பட்டறையில் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். பழைய கடிகாரம், வாள், வேட்டைத் துப்பாக்கி எல்லாம் அங்கே பழுதுபார்க்க வரும். கொஞ்ச நாளில் துடைக்கிறவள் கழற்றவும் ஆரம்பித்தாள். தினமும் காலையில் என் ஆட்டோவில்தான் ரயிலடிக்குப் போவாள். கையில் எப்போதும் ஒரு திருகாணியை வைத்து உருட்டிக்கொண்டே வருவாள். பரந்தாமன் பட்டறையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போனபோது, தன் அரங்களையும் திருப்புளிகளையும் இவளிடம்தான் கொடுத்தார். ஊருக்கு வந்து சொந்தமாகக் கடை போட்டாள். என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை, அவள் கழற்றிய திருகில், திருப்புளி பதிகிற காடி சிதைந்து நான் பார்த்ததில்லை.

இந்த வருஷம் எங்கள் ஊர் முருகன் கோயிலில் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த பிறகு ராஜவேலு என்கிறவர் ஒரு மரப்பெட்டியோடு கடைக்கு வந்தார். பொதட்டூர்பேட்டைப் பக்கம் கரும்பும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். பெட்டிக்குள் ஒரு கைத்துப்பாக்கி. அவருடைய முப்பாட்டனார் ஜமீனில் காவலுக்கு இருந்தபோது கொடுத்ததாம். குழலின் வாய்வழியே மருந்து இடித்துச் சுடுகிற காலத்துச் சாமான். பொறி போகிற துளையை என்றைக்கோ அடைத்துவிட்டார்கள். இனிமேல் சுடாது என்பதற்கான அரசாங்கக் காகிதமும் பெட்டியில் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் தமயந்தி துப்பாக்கியைக் கையில் எடுத்தாள்.

ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அவர்கள் வீட்டில் அரிவாள், கலப்பை, டிராக்டர் சாவி இவற்றோடு துப்பாக்கியையும் பலகையில் வைத்துச் சந்தனம் பூசுவார்கள். பூசிய சந்தனத்தை யாரும் துடைப்பதில்லை. அந்த ஈரம் வருஷா வருஷம் இறங்கி, குழலைச் சொறி பிடித்ததுபோல் ஆக்கியிருந்தது.

"எங்க பங்காளி வெங்கடேசன், மெட்ராசுக்கு எடுத்துகினு போயி நிக்கல் முலாம் போட்டுகினு வரேன்றான்மா. எனக்கு மனசு வரல. பூசைக்குள்ள நீ முடிச்சிக் குடு. ஆவலன்னா அவங்கிட்ட குடுத்துடுவேன். அப்பால என்னைச் சொல்லக்கூடாது" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் தமயந்தி சொன்னாள். "குழல் மேல இலையோட ஒரு கொடி செதுக்கியிருக்காங்கண்ணா. துருவுக்குள்ள பொதைஞ்சிகினு கீது. முலாம் போடறவன் மொதல்ல சக்கரத்துல வச்சித் தேய்ப்பான். அந்தக் கொடி போச்சின்னா போனதுதான்."

அது அவள் தன் பேரில் எடுத்த முதல் துப்பாக்கி. அது அவள் கையைவிட்டு முலாம் பட்டறைக்குப் போனால் ஊர் என்ன சொல்லும் என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

திருகுகள் மண்ணெண்ணெயில் ஊறின. ஒவ்வொரு திருகின் காடிக்கும் தகுந்தபடி ஒரு திருப்புளியின் முனையை அராவிக்கொண்டாள். மரப்பிடியின் அழுக்கை எண்ணெய் தொட்டு எடுத்தாள். கடைசியில் குழல். பழைய குழல்களுக்குப் புளியங்கொட்டை நிறம்தான் அழகு. அந்த நிறம் வர்ணம் பூசி வருவதில்லை. ஒரு மருந்தை ஒற்றி, துருவைப் பூக்கவிட்டு, மெல்லிய கம்பிப் பஞ்சால் துடைத்து, திரும்ப ஒற்றி, படிப்படியாக ஏற்ற வேண்டும். அப்படி ஏறிய துரு, கெட்ட துருவை உள்ளே விடாது. ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாள் பிடித்தது. சந்தனம் தின்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் திட்டாகவே நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம் சுருங்கும்.

பூசைக்கு இரண்டு நாள் முன்பு கடைக்குச் சுண்ணாம்பு அடித்தோம். அதனால் குழலை வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்கட்டு அலமாரியில் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு, தேன்மெழுகு வாங்க என்னோடு கடைத்தெருவுக்கு வந்தாள்.

திரும்பி வந்தபோது அம்மா வாசற்படியில் ஈரக் கையோடு நின்றாள். ஆயுத பூசை வந்துவிட்டால் எங்கள் வீட்டில் இரும்பு, பித்தளை எதுவும் அம்மா கைக்குத் தப்பாது. என் ஆட்டோ ஸ்பானர், அரிவாள்மணை, கத்திரிக்கோல் எல்லாம் முறத்தில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் குழல். குத்துவிளக்கைவிட வெளுப்பாகப் பளபளத்தது.

"பாரு, உன் சாமான் எப்டி துரு புடிச்சிகினு இருந்திச்சி! புளியும் உப்பும் போட்டு ஊற வெச்சேன். அப்டியே உரிச்சிகினு வந்துட்ச்சி" என்றாள் அம்மா.

தமயந்தி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாடி? நல்லாத்தான கீது?"

"அந்தத் துருதாம்மா நான் செஞ்ச வேலை."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் முறத்தைப் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தானா வர வேண்டும்? ராஜவேலுவும் வெங்கடேசனும் சந்தையிலிருந்து போகிற வழியில் எங்கள் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினார்கள். வெங்கடேசன் குழலைக் கண்டதும் கையைத் தட்டினார்.

"இதான்! இத்தத்தான் நான் அப்பவே சொன்னேன். கண்ணாடி மாதிரி கீது பாரு. பாவம், இந்தப் பொண்ணப் போயி தப்பா நெனச்சிட்டேன்."

ராஜவேலு முகமும் மலர்ந்தது. பின்னாலிருந்து அம்மா தமயந்தியின் முழங்கையை இடித்தாள். சும்மா இரு என்று அர்த்தம். சும்மா இருந்திருந்தால் அன்றைக்கே வேலை முடிந்து, நல்ல பெயரும் கிடைத்திருக்கும்.

"இது முடிஞ்ச வேலை இல்லீங்கய்யா" என்றாள் தமயந்தி. "எங்கம்மா தெரியாம புளி போட்டுட்டாங்க. இப்ப தோலுரிச்ச மாதிரி கீது. இப்டியே எடுத்துகினு போனீங்கன்னா தீபாவளிக்குள்ள முன்னைவிட மோசமாயிடும்."

"அப்ப நிக்கல் போட்டுட வேண்டியதுதான்" என்றார் வெங்கடேசன்.

ராஜவேலு குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பளபளப்பில் கொடி அவர் கண்ணில் படவில்லை. "பூசை அன்னிக்குக் காலைல வரேன். ஆச்சின்னா நீ குடு. ஆவலன்னா இவன் வண்டில ஏத்திக்குவான்."

அவர்கள் போன பிறகு அம்மா பேசவேயில்லை. அடுப்பில் இட்லிக் குண்டானை ஏற்றிவிட்டு மூலையில் உட்கார்ந்தாள். ஒரு நாளுக்கு ஒரு பூச்சு என்றால் பூசைக்குள் வேலை முடிய வழியில்லை. தமயந்தி குண்டானின் மூடியோரம் கசிகிற ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று எழுந்தாள்.

"அண்ணா, இட்லிய எறக்கு."

துரு பூக்க ஈரமும் சூடும் வேண்டும். பரந்தாமன் பட்டறையில் அதற்கென்று ஒரு பெட்டி இருந்ததாம். இவளிடம் குண்டான்தான் இருந்தது. குழலைச் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, வெறும் விரல் படாமல் துணியால் பிடித்து, மருந்து ஒற்றி, குறுக்கே ஒரு கம்பியில் கட்டி ஆவியில் தொங்கவிட்டாள்.

"அய்யய்யோ, இட்லி வேவற குண்டான்ல துருவ வேக வெக்கிறாளே!" என்று அம்மாவுக்குப் பேச்சு வந்துவிட்டது.

"நீ துப்பாக்கிக்கே புளிக்கொழம்பு வெச்சியே, அதுக்கு இது பரவால்ல" என்றேன். அம்மா கரண்டியை ஓங்கினாள். தமயந்தி அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

முன்பு ஒரு நாள் பிடித்த பூச்சு, இப்போது காபி குடித்து முடிக்கிற நேரத்தைவிடக் கொஞ்சம்தான் கூடப் பிடித்தது. மறுநாள் முழுக்க ஒற்றுவதும் தொங்கவிடுவதும் துடைப்பதுமாகப் போனது. அம்மா பக்கத்திலேயே இருந்து, தண்ணீர் வற்ற வற்ற ஊற்றினாள். சாயங்காலம் தமயந்தி குழலை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனவள் என்னைக் கூப்பிட்டாள்.

"திட்டு எங்கண்ணா?"

சந்தனம் தின்ற இடம் எதுவென்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அடியில் ஒளிந்திருந்த பழைய எண்ணெய்ப் பிசுக்கையும் பழந்துருவின் வேரையும் புளி எடுத்துவிட்டது என்றாள். குழல் முழுக்க ஒரே புளியங்கொட்டை நிறம். அதன் மேல் கொடி, இலை இலையாகத் தெரிந்தது.

பூசையன்று காலையில் ராஜவேலு வந்தார். மெழுகு தேய்த்துப் பூட்டிய துப்பாக்கியை வாங்கி, கட்டை விரலால் கொடியை முதலிலிருந்து கடைசிவரை தடவினார்.

"எங்க நைனா சொல்லுவாரு, கொடி இருந்திச்சின்னு. நாங்க யாரும் பார்த்ததில்ல." வெங்கடேசன் பக்கம் திரும்பினார். "இன்னாடா, முலாம் போடணுமா?"

"அட, நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அதையே புடிச்சிகினு..." என்றார் வெங்கடேசன்.

"சந்தனத்த மட்டும் பெட்டி மேல வைங்கய்யா" என்றாள் தமயந்தி.

"ஆங், பெட்டி மேலதான். எங்க வீட்டுப் பொம்பளைங்க கிட்ட நீயே போன்ல சொல்லிடும்மா. நான் சொன்னா கேக்க மாட்டாங்க."

பைக் தெரு திரும்பியதும் அம்மா சுவரில் சாய்ந்து, முருகா என்றாள். பிறகு குண்டானை எடுத்துப் பார்த்தாள். உள்ளே செம்பழுப்பாக ஒரு வளையம் படிந்திருந்தது. அதைத் தமயந்தியிடம் சாய்த்துக் காட்டினாள்.

"ஏன்டி, இத்தத் தேய்க்கலாமா?"

"அத நீ எவ்ளோ வேணா தேச்சிக்கம்மா" என்றாள் தமயந்தி.

அம்மா புளி எடுக்க உள்ளே போனாள்.