சேலைக்கு உள்ளே ஜீன்ஸ்

நனைந்த ஜீன்ஸ் அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கிப் புகையில் காயும்போது ஒரு வாசனை வரும்; பாதி சாம்பல், பாதி பச்சைத் தேயிலை. ஊட்டிக்குப் பக்கத்து நடுவட்டத்தில் நாங்கள் குடியிருந்த எஸ்டேட் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், தேயிலை விலை விழுந்த அந்த மழைக்காலம் முழுக்க வீட்டுக்கு வீடு இந்த வாசனைதான்.

எக்ஸ்போர்ட்டில் கழித்துப்போட்ட பெண்கள் ஜீன்ஸை மூட்டையாகக் கட்டி, மலைக்குக் கீழேயிருந்து ஒருவர் பஸ்ஸில் கொண்டுவந்து ரோட்டோரம் விரிப்பார். ஒன்றில் ஜிப் கோணலாக இருக்கும், இன்னொன்றில் பாக்கெட்டே இருக்காது. கொழுந்து பறிக்கும் பெண்கள் அதைச் சேலைக்கு உள்ளே போட்டு, மேலே "படங்கு" என்ற சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு மலையேறினார்கள். குளிருக்கும் ஆயிற்று, ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கும் ஆயிற்று. ஊரெல்லாம் அழகுக்காகப் பார்க்கிற அளவை எங்கள் லயம் அட்டைக்காகப் பார்த்தது. கணுக்காலைக் கவ்விப் பிடிப்பது "குழாய்", அதற்குத்தான் அடிதடி. கீழே அகன்றது "மணி". அட்டைக்கு ராஜபாட்டை என்று அதை ஒதுக்கினார்கள். தொளதொளப்பானது "சாக்கு"; அதற்குள் ஒரு குடும்பமே குடியிருக்கலாம் என்பார் அம்மா.

என் அக்கா சாந்திக்கு அப்போது பதினேழு வயது. அவளுக்கு ஒரு நேர்க்கால் ஜீன்ஸ் கிடைத்தது, அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி. அப்பாவின் சட்டையை மேலே போட்டுக்கொண்டு, சேலை இல்லாமல், வீட்டுக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தாள். அவள் அவ்வளவு நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததேயில்லை. அப்படியே ஒருதரம் ஊட்டிக்குப் போய்வர வேண்டும், அவள் ஆசை அது ஒன்றுதான்.

"ரெண்டு காலும் தனித்தனியாத் தெரிய நடந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க" என்றார் அம்மா. அக்காவின் முகம் வாடியதும் இறங்கி வந்தார். "சரி, நின்னுபோன தேயிலை ஃபேக்டரி மறுபடி ஓடட்டும். தீபாவளிக்கு ஊட்டிக்குப் போறப்ப போட்டுக்க. நானே கூட வாறேன்."

ஃபேக்டரி ஓடவில்லை. எஸ்டேட்டில் வேலை நின்றுபோக, அம்மா சிறு தோட்டக்காரர்களிடம் கூலிக்குப் பறிக்கப் போனார். அவருடைய குழாய் ஜீன்ஸ் முழங்காலில் கிழிந்து, தைக்கத் தைக்க நூலோடு பிய்ந்து வந்தது. அது இல்லாமல் பறிக்கப் போன அன்று கால் முழுக்க ரத்தத்தோடு திரும்பினார். அக்கா பெட்டியிலிருந்து தன் ஜீன்ஸை எடுத்தாள். அம்மா அவளைவிடக் குள்ளம்.

"வெட்டாத புள்ள, மடிச்சு விட்டுக்கிறேன்."

"மடிச்சா மடிப்புக்குள்ள அட்டை உக்காந்துக்கும்மா."

கத்தரிக்கோலால் இரண்டு காலையும் வெட்டி, கணுக்காலில் இறுகும்படி பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அடுத்த வருடம் அவள் கோயம்புத்தூர்ப் பக்கம் மில் வேலைக்குப் போனாள். பிறகு கல்யாணம், குழந்தைகள்.

இன்று அந்த லயம் இல்லை, மூட்டைக்காரர் வருவதில்லை, அம்மாவும் போய்விட்டார். நடுவட்டம் பஸ்ஸில் பாதிப் பெண்கள் ஜீன்ஸில்தான் ஏறுகிறார்கள், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இத்தனை சுலபமான ஒன்றுக்கா அக்கா அத்தனை காத்திருந்தாள்? போன மாதம் அக்கா வந்திருந்தபோது, ஊட்டிக் கடையில் என் மகள் ஸ்கின்னி, பூட்கட் என்று பெயர்களை ஒப்பித்துத் தனக்கு வாங்கிக்கொண்டு, பெரியம்மாவுக்கும் ஒன்றை எடுத்து நீட்டினாள். அக்கா மறுப்பாள் என்று நினைத்தேன். உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்து, கண்ணாடி முன்னால் நின்றாள்.

"எப்படி இருக்கு பெரியம்மா?"

"நல்லாத்தான் இருக்கு. கூட வாறேன்னு சொன்ன ஆளுதான் இல்ல" என்று சொல்லிவிட்டு, அதைக் கழற்ற உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.