என்னுதுங்க!

என் இடது கைச் சுண்டுவிரல் நேராக நிற்காது. கடைசிக் கணுவில் மடங்கி, எதிரில் இருப்பவரைப் பக்கத்தில் வரச் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருக்கும். இந்த விரலை வைத்துக்கொண்டு ஏறக்குறைய இருபத்தைந்து வருடமாக நான் ஒரு தேசபக்தனாக நடமாடி வந்திருக்கிறேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வெள்ளைக்காரன் காலத்துத் தடியடியில் ஒடிந்த விரல் என்று கோயமுத்தூரில் பலர் நம்புகிறார்கள். நான் அப்படிச் சொன்னதே இல்லை. பத்திரிகை ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பக்கத்து மேஜைக்காரர் விரலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "தடியடியா?" என்று கேட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவ்வளவுதான். மிச்சத்தை அவரே பார்த்துக்கொண்டார். உண்மையில் விரலை ஒடித்தது ஒரு பந்து. அதுவும், பெயரிலேயே மென்மையை வைத்துக்கொண்டிருந்த பந்து.

பந்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அம்மா வீட்டுக்கு மூத்தவள், மாமா கடைக்குட்டி. எனக்கு ஏழு மாதம் இளையவர். பல்லடம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து படிப்பதற்காக எங்கள் வீட்டுக்கு வந்து தங்கி, மிஷன் பள்ளிக்கூடத்தில் என் வகுப்பிலேயே, என் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். வயது எப்படி இருந்தாலும் முறை முறைதான். நான் அவரை 'வாங்க, போங்க' என்றுதான் பேச வேண்டும். அவர் என்னை 'நீ, மாப்ளே' என்பார். கணக்குப் பரீட்சையில் அவருக்கு விடை காட்டும்போதுகூட "பாத்துட்டீங்களா மாமா?" என்று மரியாதையாகத்தான் காட்டினேன்.

முப்பதுகளின் பின்பாதியில் ஒரு வருடம், எங்கள் டிரில் மாஸ்டர் மதராசில் பயிற்சிக்குப் போய்த் திரும்பி வந்து, கரும்பலகையில் 'சாஃப்ட் பால்' என்று எழுதினார். அமெரிக்கர்கள் ஆடும் ஆட்டம். எறிகிற பந்தை மட்டையால் அடித்துவிட்டு, மட்டையைக் கீழே போட்டுவிட்டு, நாலு மூலையையும் சுற்றி ஓடி வர வேண்டும். பந்து தரையைத் தொடுமுன் எவனாவது பிடித்துவிட்டால் அடித்தவன் அவுட். ஒன்பது பேர் கொண்ட அணி ரயிலேறி மதராஸ் போய் ஒரு பள்ளிக்கூடத்தோடு ஆடப்போகிறது. எட்டுப் பேரை ஹாக்கி ஆடுகிறவர்களிலிருந்து மாஸ்டர் பொறுக்கிவிட்டார். மீதி ஓரிடம். அதற்கான தேர்வு அடுத்த சனிக்கிழமை. இன்னும் சிலரோடு நானும் மாமாவும் பெயர் கொடுத்தோம். அதுவரை நான் எந்த விளையாட்டிலும் எந்த அணியிலும் இருந்தவனில்லை. போத்தனூரைத் தாண்டி ரயிலில் போனவனும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "மெட்ராஸ் போற டீமுக்கு என் பேர எழுதிக்கிட்டாங்க" என்றேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் அம்மா, "அடக் கண்ணு, உன்னைய எடுத்துட்டாங்களா!" என்று முகத்தை வழித்து நெட்டி முறித்தாள். நான் திருத்தவில்லை. மறுநாள் காலைக்குள் அப்பா தான் வேலை பார்த்த பருத்தி ஜின்னிங் பேக்டரி முழுவதும் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் அம்மா பெரிய பிஸ்கட் தகரத்தைக் கழுவிக் காயவைத்து, ரயிலுக்கு முறுக்குச் சுட மாவு இடித்தாள். மாமாவுக்கு மட்டும் உண்மை தெரியும். "அக்காகிட்ட நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா எடத்த உட்டுக் குடுக்க மாட்டேன் மாப்ளே" என்றார். அதுவும் நியாயந்தான்.

சங்கடம் என்னவென்றால், பந்து இன்னும் வந்து சேரவில்லை. ரயில் பார்சலில் வருகிறது என்றார் மாஸ்டர். அது சாத்துக்குடியைவிடப் பெரியது, தேங்காயைவிடச் சிறியது என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அப்போதே படிப்பாளி என்று பெயர் வாங்கியிருந்த நான் அகராதியைப் புரட்டினேன். 'சாஃப்ட்' என்பதற்கு மிருதுவான, இளகிய, மெத்தென்ற என்று வரிசையாகப் போட்டிருந்தது. அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? பேக்டரியிலிருந்து ஒரு மடி பஞ்சு கொண்டுவந்து, உருட்டி, நூலைச் சுற்றி, பழைய வேட்டித் துணியில் தைத்துப் பந்து செய்தோம். மாமா அதை அமுக்கிப் பார்த்துவிட்டு, "மட்டைல அடிக்கற பந்து தலகாணியாட்டவா இருக்கும் மாப்ளே?" என்று இழுத்தார். அகராதியைக் காட்டினேன். அச்சடித்த எழுத்தின்மேல் அவருக்கு மரியாதை உண்டு, பந்துக்கு மேலே இன்னொரு சுற்று நூல் சுற்றினார். உலகத்திலேயே மிக மென்மையான சாஃப்ட் பால் கோயமுத்தூரில் தயாரானது. தையல் விடவிட மேலே மேலே நூல் சுற்றியதில், வியாழக்கிழமை அது பூசணிப் பிஞ்சு அளவுக்கு வந்துவிட்டது. விரலை எப்படி நீட்டினாலும் கைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நானும் பிடிப்பதில் மன்னன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் அந்த வாரம் என் உடம்பு ஓரிடத்தில் நிலைக்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆடியது. அம்மா குழம்புக் கரண்டியை நீட்டினால் இரண்டு கையாலும் பிடிக்கப் போனேன். கிளையிலிருந்து காக்கை கிளம்பினால் பின்னாலேயே நாலடி ஓடினேன். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் ரயில் நிலையத்துக்குப் போய்ப் பார்சல் குமாஸ்தாவிடம், "ஏனுங்க, பந்து வந்துதுங்களா?" என்று கேட்டோம். நாலாம் நாள் அவர் எங்களைத் தூரத்தில் கண்டதுமே இல்லையென்று தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வீட்டில் முறுக்கு வெந்துகொண்டிருந்தது. அந்த வாசனை கூடத்துக்கு வரும்போதெல்லாம் நான் பஞ்சுப் பந்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. இரண்டு பேருக்கு நடுவில் பந்து வந்தால், பிடிக்கப்போகிறவன் 'என்னுது' என்று கத்த வேண்டும், மற்றவன் விலகிவிட வேண்டும் என்பது மாஸ்டரின் சட்டம். அவர் திருநெல்வேலிக்காரர். எங்கள் ஊர்ப் பையன்கள் அந்தச் சட்டத்தை நிறைவேற்றிய அழகைப் பார்த்து அவர் தலையிலடித்துக்கொண்டார். வெறுங்கையோடு ஒத்திகை பார்த்தபோது நான், "நீங்க புடிங்க மாமா" என்றேன். அவர், "பரவால்ல, நீயே புடி மாப்ளே" என்றார். "ஏலே, பந்து பந்தியிலயா உக்காந்திருக்கு, உபசாரம் பண்ண? என்னுதுன்னு கத்துலே!" என்று மாஸ்டர் கத்தினார். தனியாக இருக்கும்போது, கிணற்றடியிலும் தெருவிலும், 'என்னுது, என்னுது' என்று சொல்லிச் சொல்லிப் பழகினேன். எதிரில் மாமா முகம் வந்ததும் நாக்கு மடங்கிக்கொள்ளும். பெரியவருக்கு முன்னால் ஒரு பொருளை என்னுடையது என்று சொல்லி எங்களுக்குப் பழக்கமே இல்லை.

சனிக்கிழமை காலையில் பார்சல் வந்தது. மாஸ்டர் காகிதத்தைப் பிரித்து, பந்தை மேஜைமேல் வைத்தார். வைத்த சத்தத்திலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. இரண்டிரண்டு பேராக நிறுத்தி, ஜோடிக்கு மூன்று பந்து உயரத் தூக்கி அடித்தார். உறவுக்காரர்கள் ஒத்துப்போவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, என்னையும் மாமாவையும் ஒன்றாக நிறுத்தினார். முதல் பந்து மாமாவிடம் போயிற்று. நெஞ்சோடு அணைத்துப் பிடித்துவிட்டார். பிடித்த கையை உதறிக்கொண்டே, "மாப்ளே, கல்லாட்ட இருக்குது, பாத்துக்க" என்று என்னை எச்சரித்தார். போட்டிக்காரனிடம் யார் இப்படிச் சொல்வார்கள்? இரண்டாவது பந்து இருவருக்கும் எட்டாமல் வேலிக்குப் போனது. மூன்றாவது நேராக வானத்துக்குப் போய், எங்கள் இருவருக்கும் நடுவில் இறங்கத் தொடங்கியது. மாமாவுக்கு இரண்டடி, எனக்கு ஆறடி. முறுக்குத் தகரம் கண்முன் வந்தது. கண்ணை இறுக்கிக்கொண்டு, எட்டு நாள் பழகிய சொல்லை முழுத் தொண்டையில் கத்தினேன்:

"என்னுதுங்க மாமா!"

மைதானமே சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. நின்ற இடத்தில் நின்று, கையை இறக்கி, எனக்கு வழி விட்டார். நான் ஓடிப்போய், பஞ்சுப் பந்துக்கு நீட்டியதுபோலவே பத்து விரலையும் நீட்டினேன். அது சுண்டுவிரலின் நுனியில் இறங்கிவிட்டு, பிறகு சாவகாசமாகத் தரைக்குப் போயிற்று.

கட்டு வைத்தியரிடம் முட்டை வெள்ளையும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, அம்மா கூடத்திலேயே எதிர்ப்பட்டாள். "என்னாச்சு சாமி? ரயிலுக்குப் போறவன் இப்படி வந்து நிக்கறயே!" நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "மாப்ளயத்தான் எடுத்தாங்கக்கா. வெரலு ஒடஞ்சுபோச்சு. அதனால அந்த எடத்த எனக்குக் குடுத்துட்டாங்க" என்றார். முதல் பந்தைப் பிடித்து அவரே சம்பாதித்த இடம் அது. பேக்டரிவரை பரவியிருந்த என் மானத்துக்காக அதை மிச்சம் மீதி என்று சொல்லி வாங்கிக்கொண்டார். அவர் சொன்னது அப்படியில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். வாழ்க்கையில் முதல்முறையாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அடுத்த வாரம் மதராஸ் மெயிலில் அவர் ஏறியபோது, முறுக்குத் தகரத்தை நல்ல கையில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தது நான்தான். ஊரெல்லாம் எனக்காகப் பரிதாபப்பட்டது. அவரை ஒருவரும் பாராட்டவில்லை. மாற்றாள் என்றே பெயராகிவிட்டது.

போன மாதம், சுதந்திரத்தின் வெள்ளி விழா என்று எங்கள் தெரு வாசகசாலையில் கூட்டம் போட்டார்கள். பல்லடத்தில் தறிப்பட்டறை வைத்திருக்கும் மாமா ஏதோ வேலையாக வந்தவர், என்னோடு கூட்டத்துக்கும் வந்தார். தலைவர் பேசும்போது திடீரென்று என் பெயரைச் சொல்லி, தேசத்துக்காக வளைந்த விரல் என்று ஆரம்பித்து, மேடைக்குக் கூப்பிட்டு ஒரு ரோஜா மாலையைப் போட்டுவிட்டார். கை தட்டினார்கள். பழக்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினேன். ஜன்னலோரத்து நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அவர் நூல் விலை பேசினார், மழை பேசினார். எனக்கு மாலை கழுத்தில் அரித்தது. கழற்றிக் கையில் வைத்தால் சுண்டுவிரல்மேல் தொங்கியது. மூலை திரும்பும்போது, "மாமா, அன்னிக்கு நீங்க எதுக்குங்க வழி உட்டீங்க? ரெண்டடிலதான நின்னீங்க?" என்று கேட்டேன். முப்பத்தைந்து வருடமாகக் கேட்காத கேள்வி. அவர் மாலையைப் பார்த்தார், விரலைப் பார்த்தார்.

"தப்புத்தான் மாப்ளே. அந்தப் பந்த நானே புடிச்சுப்போட்டிருந்தா, பாவம், இவங்களுக்கு ஒரு மாலைச் செலவு மிச்சமாயிருக்கும்."