எங்கள் சுவரில் ஒரு கொழும்பு

டொரோண்டோவில் வழி கேட்டால் வடக்கு, தெற்கு என்கிறார்கள். எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்களுக்கு இருந்தது இரண்டே திசைகள்: சீ சைட், லேண்ட் சைட். அதை வைத்தே கல்யாணத் தரகர்கூட வீடு தேடி வந்துவிடுவார்.

சென்ற மாதம் இங்கே ஒரு பழைய சாமான் கடையில் கறுப்பு வெள்ளைப் படமொன்றைக் கண்டேன். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் நெருக்கமான கட்டடங்கள், நடுவில் ஒரு கோபுரம். பின்புறத்தில் எடுத்தவர் பெயருமில்லை, ஊருமில்லை. எனக்கோ சந்தேகமே இல்லை, கொழும்பேதான். "பிரேம் நல்லது. படத்தைக் கழற்றிவிட்டுத் தரட்டுமா?" என்று கடைக்காரர் அன்பாகக் கேட்டார். நான் அதை நெஞ்சோடு அணைத்த வேகத்தில் மனிதர் பின்வாங்கிவிட்டார்.

காரணம் இருக்கிறது. எங்கள் ஆல்பங்கள் நிறையக் கல்யாணமும், பெண்பிள்ளைகள் பெரியவளான சாமத்திய வீடும்தான். எல்லோரும் பட்டுடுத்தி ஸ்டூடியோ திரைக்கு முன்னால் நிற்பார்கள். தினமும் நடக்கிற தெருவை யார் படமெடுத்தார்கள்? இணையத்தில் கிடைப்பதோ நாங்கள் விட்டுவந்த கொழும்பு இல்லை. இங்கே பிறந்த மகள் ஆரணி எங்கள் ஊரைக் காட்டச் சொல்லும்போதெல்லாம் மாமிமாரைத்தான் காட்டினோம்.

படத்தை வாசல் சுவரில் மாட்டினேன். மனைவி சுகந்தி கொழும்பின் மறுமுனையான கொட்டாஞ்சேனைக்காரி.

"இது எங்கட பக்கம். உந்தக் கோபுரம் எங்கட சேர்ச்."

"இல்லையப்பா, இது வெள்ளவத்தை," என்றேன் நான்.

ஒரு கிழமையாக இதே சண்டை. கடைசியில் வெள்ளவத்தையை விட்டு அசையாத என் அண்ணாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். உடனே அழைத்தார்.

"டேய், வெள்ளவத்தை எண்டால் கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில ரயில் பாதை எங்க?"

சுகந்தி கைதட்டிச் சிரித்தாள்.

"அவவையும் சிரிக்க வேண்டாமெண்டு சொல்லு. பின்னால மலை நிக்குது. கொட்டாஞ்சேனையில ஏது மலை?"

அது மேகமென்று இருவருமே நினைத்திருந்தோம். அண்ணா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ரயில் சத்தத்தில் உறங்கி வளர்ந்தவன், அது இல்லாததைக்கூடக் கவனிக்கவில்லையே என்று பயமாக இருந்தது.

படத்தைக் கழற்றப் போனேன். வாசலில் ஆரணி தன் பள்ளித் தோழிக்கு அதைக் காட்டிக்கொண்டிருந்தாள். "இதுதான் கொழும்பு. அப்பா இந்த முனையில் இருந்தார், அம்மா அந்த முனையில்," என்று ஆங்கிலத்தில் அவள் சொன்ன குரலில் அத்தனை பெருமை.

சுகந்தி என்னைப் பார்த்தாள். கழற்ற நீட்டிய கையால் படத்தை நேராக்கிவிட்டு உள்ளே வந்தேன். எந்த நாட்டுக் கடலோர ஊரோ தெரியாது. அங்கே இப்போது எங்களுக்கு இரண்டு வீடுகள் இருக்கின்றன.