துரைக்குப் போட்ட ஊசி

ஓர் ஆண் குதிரையின் விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படித்து விளக்கும் தகுதி எனக்கு இருப்பதாக ஒருவர் நம்புவார் என்று நான் நினைத்ததே இல்லை. நஞ்சப்பன் நம்பினார். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் அல்லவா...

நஞ்சப்பனுக்கு உத்தனப்பள்ளி பக்கம் தக்காளித் தோட்டம், ரோஜாப் பண்ணை எல்லாம் உண்டு. நான் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்த நாளிலிருந்து பழக்கம். வசதி வந்தால் மற்றவர்கள் கார் வாங்குவார்கள். இவர் கார் வாங்கி அலுத்துப்போய்க் குதிரை வாங்கினார். கறுப்பு ஆண் குதிரை. பெயர் துரை. கூடவே மூன்று பெண் குதிரைகள். குட்டிகள் பிறக்கும், பண்ணை பெருகும் – திட்டம் இவ்வளவுதான்.

இரண்டு வருடம் ஓடியது. ஒரு குட்டிகூட இல்லை.

தப்பு யார் மேல்? இதில் சந்தேகம் என்ன, பெண் குதிரைகள் மேல்தான். ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி போட்டார்கள். தீவனத்தை மாற்றினார்கள். கடைசியில் ஒன்றை ‘மலடு’ என்று முத்திரை குத்தி, தளிப் பக்கம் ஒருவருக்குத் தள்ளிவிட்டார். போன இடத்தில் வேறொரு ஆண் குதிரையுடன் சேர்ந்து அது அடுத்த வருடமே குட்டி போட்டது. தாயும் சேயும் நலம் என்று வாட்ஸ்அப்பில் படம் வந்தது. நஞ்சப்பன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் பெங்களூரிலிருந்து குதிரை டாக்டர் வந்தார். துரையைப் பரிசோதித்தார். துரையின் கொழுப்பிலிருந்தே ஸ்டெம் செல் பிரித்து, லேபில் வளர்த்து, விரையில் ஊசியாகப் போட்டுப் பார்க்கலாம் என்றார். இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

“கேரண்டி கொடக்காகல்ல” என்று கன்னடத்தில் கையை விரித்தார். உத்தரவாதம் தர முடியாது என்று அர்த்தம். நஞ்சப்பனுக்குக் கன்னடம் தாய்மொழி மாதிரி. அன்றைக்கு மட்டும் புரியவில்லை.

மூன்று மாதம் முன்பு, ஊசி போட்ட நாளில், விசேஷ வீட்டுக்கு அழைப்பதுபோல என்னையும் அழைத்திருந்தார். போனேன். மயக்க மருந்தில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது துரை. லாயத்துக்குப் பக்கத்தில் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது என்று உத்தரவு.

“டென்ஷன் ஆவக் கூடாது சார். மனசு நொந்துட்டா மருந்து எப்படி வேல செய்யும்?” என்றார் நஞ்சப்பன், மெதுவாக.

என்ன ஒரு கரிசனம்.

அந்த நேரத்தில் கம்பெனி பஸ் வந்து நின்றது. முதல் ஷிஃப்ட் முடித்து, யூனிஃபார்ம் சட்டையோடு இறங்கி வந்தார் மருமகள் சுகன்யா. ஓசூரில் உதிரி பாகங்கள் தயாரிக்கும் ஒரு ஃபேக்டரியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நஞ்சப்பனின் மகன் லோகேஷைக் கல்யாணம் செய்து ஆறு வருடம். குழந்தை இல்லை.

இந்த ஆறு வருடத்தில் சுகன்யாவுக்கு எத்தனை ஸ்கேன், எத்தனை ஊசி என்று அவருக்கே மறந்திருக்கும். ‘தை வரைக்கும் பாப்போம், அப்புறம் லோகேஷுக்கு வேற பொண்ணு’ என்று மாமியார் வாயிலிருந்து வந்ததும் அவர் காதில் விழுந்திருக்கிறது. லோகேஷை இதுவரை யாரும் எந்த டாக்டரிடமும் அனுப்பவில்லை. ஆண் பிள்ளை ஆயிற்றே.

நஞ்சப்பன் துரையின் ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டினார். நான் அதைச் சுகன்யாவிடம் நீட்டினேன். அவர் நின்றபடியே படித்தார். 

“கவுண்ட் கம்மி. இருக்கறதும் சரியா நகரல. குறை துரை மேலதான் மாமா. பொட்டக் குதிரைங்க மேல இல்ல.”

“ஆமாம்மா. தெரியாம அதுங்களப் போட்டுப் படுத்திட்டோம். பாவம்.”

“எங்க ஃபேக்டரியில ரெண்டு பார்ட் சேரலன்னா, ரெண்டையும் அளந்து பாப்போம் மாமா. ஒண்ண மட்டும் அளந்து ரிஜெக்ட் பண்ணா என்னைய வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க.”

“அது நாயம்தானே” என்றார் நஞ்சப்பன். அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

“ஆறு வருசமா என்னைய மட்டும்தான் மாமா அளந்துட்டு இருக்கீங்க.”

குரல் உயரவே இல்லை. துரைக்கு டென்ஷன் ஆகியிருக்காது.

நஞ்சப்பனுக்கு ஆகிவிட்டது. “எங்க வம்சத்துல அந்த மாதிரி எவனுக்கும் கெடையாது” என்றார்.

“துரைய வித்தவரும் அதேதான்ப்பா சொன்னாரு. பேப்பர்லயே எழுதிக் குடுத்தாரு” – இது லோகேஷ். அதுவரை குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு, பேச்சு காதில் விழாதவர்போல நின்றிருந்தவர். பிறகு, “நான் போய் டாக்டரப் பாத்துட்டு வரேன்” என்றார்.

உடனே மனைவி பக்கம் திரும்பி, “ஊசில்லாம் போட மாட்டாங்கல்ல?” என்று கேட்டார்.

“எனக்குப் போட்டப்ப இதக் கேட்டீங்களா?”

லோகேஷ் அந்த வாரமே டாக்டரிடம் போனார். விரைப்பையில் ரத்தக் குழாய் வீங்கியிருக்கிறது, சின்ன ஆபரேஷன் போதும், அதற்குப் பிறகு பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஆபரேஷனும் நடந்தது. ஆறு வருடமாக யாரும் தேடாத இடத்தில் இருந்ததை ஒரே காலையில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

போன வாரம் நஞ்சப்பன் போன் செய்தார். துரையின் இரண்டாவது ரிப்போர்ட் வந்துவிட்டதாம். அணுக்கள் லேசாகக் கூடியிருக்கின்றன. குட்டி வருமா என்றால் டாக்டர் இன்னும் கையைத்தான் விரிக்கிறார்.

சுகன்யா? நாகரசம்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போய், பத்து நாள் ஒரு மாத்திரையும் விழுங்காமல், மாம்பழம் தின்று தூங்கிவிட்டு வந்தாராம். குழந்தை பற்றிய சேதி இன்னும் இல்லை. தை மாதப் பேச்சும் வீட்டில் இல்லை. மாமனார் மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்காதீர்கள். அதற்கான ஊசியை இன்னும் எந்த லேபும் கண்டுபிடிக்கவில்லை.

“குதிரை விசயத்த தாராளமா எழுதுங்க சார். பையன் விசயம் மட்டும் வேணாம்” என்றார் நஞ்சப்பன். பக்கத்திலிருந்த லோகேஷ் போனை வாங்கினார்.

“எழுதுங்க சார். நாலு பேரு டாக்டருகிட்ட போவட்டும். எங்க பேர மட்டும் மாத்திடுங்க.”

மாற்றிவிட்டேன். துரை மட்டும் நிஜப் பெயர் – வெட்கப்படத் தெரியாத ஆம்பிளை அது ஒன்றுதான்.