நீக்கப்பட்ட அறுபத்தொரு வீடுகள்

மட்டாஞ்சேரியில் மாயம்மாளுக்கு ஒரு பட்டப்பேர் உண்டு: வீடுமுழுங்கி. அந்தப் பேரை அவளுக்கு வாங்கிக்கொடுத்தவர் ராமபத்ரன். எட்டு வருஷம் அவள் அதைச் சுமந்தாள். ஒரு நாள்கூட அவரை மறக்கவில்லை.

அவளுடைய அப்பா ஒச்சப்பன் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, நகரசபையில் துப்புரவு வேலை பார்த்து, அங்கேயே செத்துப்போனவர். மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் சாக்குப்பறம்பு என்ற இடத்தில் அவரைப் போன்றவர்களின் அறுபத்தொரு வீடுகள் இருந்தன. மாயம்மாள் களமசேரியில் வரைவாளர் படிப்பு முடித்து, 1996-இல் நில அளவை அலுவலகம் ஒன்றில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தாள். டேப்பைப் பிடித்துக்கொண்டு சந்து சந்தாக நடப்பாள். அளந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். ஒவ்வொரு வீடும் திரையில் ஒரு சின்னக் கட்டமாகும். கட்டத்தோடு வீட்டு எண்ணும் குடியிருப்பவர் பெயரும் சேரும். சாக்குப்பறம்பின் அறுபத்தொரு கட்டங்களையும் அவள்தான் வரைந்தாள். இருபத்து மூன்றாவது கட்டம் அவளும் அம்மா இருளாயியும் இருந்த வீடு.

1999-இல் அந்த நிலம் ஒரு கிடங்கு முதலாளிக்குக் குத்தகைக்குப் போனது. "பதிவேட்டின்படி காலி நிலம்" என்றது உத்தரவு. ஜே.சி.பி. வந்த காலையில் ஜனங்கள் அலுவலகத்துக்கு ஓடினார்கள். பிரிவுத் தலைவராக இருந்த ராமபத்ரன் வாசலுக்கு வந்தார். மலையாளி, தமிழாட்களிடம் அரைத்தமிழில் பேசுவார்.

"என்னிடம் எந்தா கேக்குறது? உங்க ஆளு பெண்ணுதானே அளந்தது? அவ உங்க வீட்டை வரையாம விட்டுப்போச்சு. மேப்பில் இல்லாத வீட்டுக்கு நான் எந்தா செய்ய?"

மாயம்மாள் கூட்டத்தின் நடுவில்தான் நின்றிருந்தாள். "சாரே, பொய் சொல்லாதீங்க. நான் வரைஞ்சேன். அறுபத்தொண்ணும் வரைஞ்சேன்!"

அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்து வீட்டுப் பிச்சைதான் திரும்பினார். "ஒச்சப்பன் மகளே, எங்க வீட்டை வரைய மட்டும் உனக்குக் கை வரலையாடி?" என்று அவள் காலடியில் துப்பினார்.

சாயங்காலத்துக்குள் சாக்குப்பறம்பு மண்மேடாகிவிட்டது. மறுநாள் வேலையும் போனது. அவளும் அம்மாவும் சுள்ளிக்கல்லில் ஒற்றை அறைக்குக் குடிபோனார்கள். தண்ணிக் குழாயடியில் பழைய அண்டை வீட்டுப் பெண்கள் இருளாயியைக் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். வீடு போனதைக்கூட மாயம்மாள் பொறுத்திருப்பாள். அம்மா குழாயடியில் தனியாக நின்றதை அவளால் பொறுக்க முடியவில்லை.

பகலில் ஜெராக்ஸ் கடையில் நின்றாள், மாலையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனாள். வரைபடங்களைத் தரவுத்தளத்தில் சேமிப்பதையும் அங்கிருந்து எடுத்துக் காட்டுவதையும் வெறியோடு படித்தாள். களமசேரியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. 2007-இல் அந்தக் கம்பெனிக்கு ஒரு வேலை வந்தது: அதே அலுவலகத்தின் பழைய வரைபடத் தரவுகளை இன்டர்நெட்டில் எல்லாரும் பார்க்கும் வரைபடத்தோடு இணைக்க வேண்டும். "நான் செய்றேன்" என்று முதலில் கைதூக்கியவள் மாயம்மாள்.

கடவுச்சொல் கிடைத்து இணைப்பு கொடுத்ததும் முதலில் திரையில் மட்டாஞ்சேரி காயல் தண்ணிக்குள் போய் மிதந்தது. பழைய அளவை ஒரு கணக்குமுறை, இன்டர்நெட் வரைபடம் வேறு கணக்குமுறை. இரண்டையும் பொருத்த மூன்று நாள் ஆயிற்று. தெருக்கள் கரையேறி அதனதன் இடத்தில் உட்கார்ந்தபோது, சாக்குப்பறம்பு மட்டும் வெறுமையாக இருந்தது. அவள் அட்டவணையைத் திறந்து தேடினாள்.

அறுபத்தொரு வரிகளும் அப்படியே இருந்தன. அந்த மென்பொருளில் எதையும் முழுசாக அழிக்க முடியாது. 'செல்லாது' என்று குறிக்கத்தான் முடியும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் குறித்தவர் பெயர், தேதி, நேரம். ராமபத்ரன். 1999 மார்ச் 12, மாலை நாலு பத்து. ஜே.சி.பி. வருவதற்குப் பத்து நாள் முன்பு.

மாயம்மாள் சத்தமாகச் சிரித்தாள். பக்கத்து மேஜை சுமா எழுந்து வந்து பார்த்தாள். மாயம்மாள் நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னாள்.

"மாயேச்சி, ஒரு புகார் எழுதிக் கொடுங்க. போதும்."

"புகாரை யாரு வாங்குவா? அந்த ஆளுதான் வாங்குவான். வாங்கி மேஜைக்குள்ள போடுவான். எல்லாரும் பாக்கணும், சுமா. அவனும் பாக்கணும்."

வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்ட வேண்டிய அடுக்குகளின் பட்டியலில் பதினாலாவதாக 'நீக்கப்பட்ட கட்டடங்கள், வரலாற்றுடன்' என்று எழுதி, கையெழுத்து வாங்க அலுவலகத்துக்குத் தானே கொண்டுபோனாள். ராமபத்ரன் இப்போது பெரிய அதிகாரி. அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"இது எந்தா மேடம், பதினாலு?"

"இடிச்ச கட்டடங்க, சார். பழைய பதிவும் இருந்தா நல்லாயிருக்கும்."

"ஓ, எல்லாம் போட்டுக்கோ" என்று கையெழுத்துப் போட்டார். மேடம் என்ற சொல்லை அவள் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மென்றுகொண்டே வந்தாள்.

இன்டர்நெட் வரைபடத்தின் தொடக்க விழாவுக்குச் சாக்குப்பறம்புக்காரர்களைத் தேடிப் பிடித்துச் சொல்லியனுப்பினாள். ஏழு பேர் வந்தார்கள், பிச்சை உட்பட. திரைக்கு முன்னால் மவுஸ் அவள் கையில். கவுன்சிலர், "கிடங்குப் பக்கம் காட்டு மோளே" என்றார். அவள் பதினாலாவது அடுக்கைத் திறந்தாள். வெறும் நிலத்தில் அறுபத்தொரு சிவப்புக் கட்டங்கள் எழுந்தன. ஒன்றைத் தொட்டாள். பெட்டி விரிந்தது: 'குடியிருப்பவர்: பிச்சை. செல்லாது எனக் குறித்தவர்: ராமபத்ரன்.' அடுத்ததைத் தொட்டாள். அதற்கடுத்தது. அவள் நிறுத்தவில்லை.

ராமபத்ரன் எழுந்தார். "இது டெக்னிக்கல் எரர்! ஆஃப் செய்!"

"எரர் இல்ல சாரே. நான் ஒச்சப்பன் மகள் மாயம்மாள். நீங்க அழிச்சதை நான் அழியாம எடுத்திருக்கேன். கையெழுத்தும் நீங்க போட்டதுதான்."

அவர் முகம் வெளுத்ததை அவள் கண்ணிமைக்காமல் பார்த்தாள். மறுநாள் இரண்டு பத்திரிகைகளில் அந்தச் சிவப்புக் கட்டங்கள் வந்தன. மூன்றாம் நாள் அடுக்கை எடுத்துவிட்டார்கள்; அதற்குள் அச்சுப்பிரதி சாக்குப்பறம்புக்காரர்கள் பிடித்த வக்கீல் கைக்குப் போயிருந்தது. விசாரணை நடந்தது. ராமபத்ரன் பணியிடை நீக்கத்தில் இருந்தபடியே ஓய்வுபெற்றார். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்து, முப்பத்தெட்டுக் குடும்பங்களுக்கு மாற்று வீடு கிடைத்தது. கம்பெனி மாயம்மாளை விழா நடந்த மாதமே வேலையைவிட்டு அனுப்பிவிட்டது. அதற்காக அவள் வருத்தப்பட்டதில்லை.

விழா முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, பிச்சை சுள்ளிக்கல் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தெரியாமப் பேசிட்டேன் மாயி. மன்னிச்சிரு."

இருளாயி அவருக்குச் சாயா போட்டுக் கொடுத்தாள். மாயம்மாள் அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"மன்னிக்க முடியல சித்தப்பா. அந்த ஆளு வெளியாளு. நீங்க என்னைத் தூக்கி வளர்த்தவரு."

பிச்சை தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அம்மா எவ்வளவோ சொல்லியும் அவள் அவரைத் திருப்பிக் கூப்பிடவில்லை.